நாற்பத்தொரு நகலும் ஒரு பூஜ்யமும்

மார்ச் 3
குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப்பெட்டிக்கு சி என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவது என் பிழைப்பு. பெட்டியின் வெப்பம், ஈரப்பதம், அலாரம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட் ஒன்று உண்டு. அதற்குத் தொடக்க மதிப்பு கொடுக்கும் பதினான்கு வரிகள், இன்று எண்ணினேன், நாற்பத்தொரு இடங்களில் அப்படியே ஒட்டியிருக்கின்றன. ஒரே இடத்தில் எழுதி, வேண்டிய இடத்திலெல்லாம் கூப்பிட்டுக்கொள்ளும்படி ஒரே ஃபங்ஷனாக்கிவிடலாம் என்றேன்.

"சும்மா கெடக்குற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. இருபதாம் தேதி பெட்டி போகணும்" என்றார் மேனேஜர்.

மார்ச் 5
முதுகு வலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 9
போன மாதம் ஸ்ட்ரக்ட்டில் ஒரு வரி சேர்த்தோம்: எத்தனை டிகிரியில் அலாரம் அடிக்க வேண்டும் என்று. நாற்பது நகல்களில் அது இருக்கிறது. ஒன்றில் இல்லை. கரண்ட் போய் வந்ததும் ஓடுகிற நகல் அது. இந்த மாதிரி ஸ்ட்ரக்ட்டில் எழுதாமல் விட்டதை சி மொழி பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். எங்கள் பெட்டியில் பூஜ்யம் என்றால் அலாரம் வேண்டாம் என்று அர்த்தம். உள்ளே குழந்தை வெந்தாலும் சத்தம் வராது.

அந்த வரியைச் சேர்த்தது யார் என்று தேடினேன். வேறு யார்? நான்தான்.

மார்ச் 10
சொன்னால் இருபதாம் தேதி போச்சு. எனக்கு வரவிருந்த டீம் லீடர் பதவியும் போச்சு. சத்தமில்லாமல் அந்த ஒரு வரியை ஒட்டிவிட்டால்? எவனுக்குத் தெரியும்?

மனைவியிடம் சொன்னேன். "இன்னிக்கு ஒட்டிடுவீங்க. அடுத்த வாட்டி இன்னொரு வரி வந்தா, எந்த எடத்துல மறப்பீங்க?" திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 11
சொல்லிவிட்டேன். நாற்பத்தொன்றும் போய் ஒரே ஃபங்ஷன். பரிசோதனை எல்லாம் முதலிலிருந்து. மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோதனைப் பிரிவுப் பெண் மட்டும், "அண்ணே, உங்க புண்ணியத்துல ரெண்டு மாசத்துக்கு லீவே கெடையாது" என்றாள்.

ஏப்ரல் 2
பதவி என்னைவிட ஆறு வயது சின்னவருக்கு. கை கொடுத்தேன். பொறாமை இல்லை என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். இருக்கிறது.

ஜூன் 14
பெட்டிகள் போய் இரண்டு வாரம். ஒரு மருத்துவமனையிலிருந்து முதல் புகார்: "கரண்ட் வந்ததும் பெட்டி சும்மா சும்மா கத்துது." புது லீடர் அதை என் தலையில் கட்டினார்.

பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தேன். சும்மா இல்லை. 38.4 டிகிரி, குறைமாதக் குழந்தைக்கு ஆகாத சூடு. அலாரம் அடித்த நாற்பதாவது வினாடியில் யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். பிறகு வெப்பம் இறங்கி, அப்படியே நின்றிருக்கிறது.

பெட்டி சரியாகத்தான் கத்துகிறது என்று பதில் எழுதி அனுப்பினேன். கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.