மாரி, அது கேஸ் இல்லை

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய மாரி,

நல்லாயிருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு மாதமும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் "நல்ல மனுசன், பாவம்" என்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு ஸ்பேனரோடு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். அங்கே கிடந்துதான் உன்னைத் திட்டுகிறேன்.

எந்தக் கார் என்கிறாயா? அதே சிவப்புக் கார்தான். காலண்டர் கம்பெனி முதலாளியின் அப்பா காலத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம், தரையோடு தரையாக ஓடும், திருத்தங்கல் ரோட்டில் எத்தனை குழி என்று முதுகெலும்புக்குச் சொல்லிக்கொடுக்கும். நாற்பது நாள் நீ அதோடு குடித்தனம் நடத்தினாய். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினாய், டைமிங் வைத்தாய், கடைசியில் என் காதைப் பிடித்து இழுத்துவந்து "கேளுலே மாப்ளே, எப்படி இருக்கு சத்தம்?" என்றாய். நன்றாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே நீ இல்லை.

முதலாளி வண்டியை எடுத்துப் போனார். சாத்தூர் ரோட்டில் கால்மணி நேரம் ஓடியதும் இருமி இருமி நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்பி, மறுபடி நின்றதாம். உன் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர், உன் பொண்டாட்டி பாண்டிச்செல்வியின் காதுபடவே சொன்னார்: "மாரி போனது வருத்தந்தான். ஆனா என் வண்டியக் கெடுத்துட்டுல்ல போயிட்டாரு. மதுரையில குடுத்துத்தான் பாக்கணும்."

துக்கம் கேட்க வந்த வாயா அது? பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "எங்கயும் கொண்டுபோகாதீக மொதலாளி. அவன் கை பட்ட வண்டி. நானே பாத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னேனே தவிர, எனக்கு என்ன தெரியும்? பதினெட்டு வருஷம் ஒரே பட்டறையில் இருந்தாலும் வயரிங்கும் பேட்டரியும்தான் என் பக்கம். எஞ்சினை நீ யாரையும் தொட விட்டதில்லை. அதுவும் உன் திமிர்தான்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்பார்க் நீலமாகப் பாய்ந்தது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில், சூடேறினால் சண்டித்தனம் செய்கிறதோ என்று அதை மாற்றி வேறு போட்டேன். அதுவும் இல்லை. வண்டி நின்ற உடனே கார்புரேட்டரைத் திறந்தால், பெட்ரோல் நிற்கும் கிண்ணம் காய்ந்து கிடந்தது. சரி, பெட்ரோல்தான் வரவில்லை. ஃபில்டரை மாற்றினேன், பம்பைப் பிரித்து உள்ளே இருந்த ரப்பரை மாற்றினேன், டேங்கிலிருந்து வரும் குழாயை ஊதிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். ஆனாலும் ஓட்டிப் பார்த்தால், கால்மணி நேரத்தில் நாரணாபுரம் விலக்கில் சொல்லிவைத்த மாதிரி நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிச் சிரித்தார்கள். "எங்கலே ஒளிச்சு வச்சிருக்க கோளாற?" என்று ரோட்டில் நின்று உன்னைக் கேட்டேன்.

நாலாம் நாள், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நிமிஷம் வண்டி ஸ்டார்ட் ஆனது. எனக்கு விளங்கிவிட்டது. பம்ப் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச டேங்குக்குள் வெளிக்காற்று போகவேண்டும். அது போகிற சின்னக் குழாய் அடைத்திருக்கிறது. முதலாளி ஷெட்டில் குளவி கூடு கட்டியிருக்கும், எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டவேண்டும் என்று சந்தோஷமாக அடியில் படுத்தேன்.

குளவி இல்லை. வெடிக்கு உருட்டுகிற காகிதக் குழாய், மருந்து அடைக்காத வெறும் குழாய். ஒரு முனையை மடித்து, மைதாப் பசை தடவிச் செருகி, அது காய்ந்து கல்லாகியிருந்தது. பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் குழாய் உருட்டும் முத்துலட்சுமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஆமாண்ணே, எங்க குழாதான்" என்றாள். "மாரியண்ணன் போன அன்னைக்கு, டேங்க நெப்பி வண்டிய வெயில்ல நிறுத்தியிருந்தாக. பெட்ரோல் வாடை தாங்கல, எங்களுக்குப் பதறிருச்சு. சத்தம் போட்டோம். மாரியண்ணன்தான் ஒரு குழாய வாங்கி, பசையத் தடவி அடைச்சாக. சாயங்காலம் எடுத்துர்றேன்னாக. நீங்க அப்பச் சோடாக் கடைக்குப் போயிருந்தீக."

வேறு ஊர் மெக்கானிக்காக இருந்தால் வண்டியை நிழலுக்குத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். பெட்ரோல் வாடைக்கு நாலு பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பது நம் ஊரில்தான். அவர்கள் பயத்தைப் பார்த்து, கையில் கிடைத்த வெடிக்குழாயால் அடைப்பவனும் நம் ஊர்க்காரன்தான். உன்னைக் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்லத்தான் செய்கிறேன். சாயங்காலம் எடுக்கிறேன் என்றவன் ஏன் எடுக்கவில்லை?

எனக்குத் தெரியும். அந்தச் சோடாவைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

அன்று காலையிலிருந்தே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாய். இடது கை கனக்கிறது என்றாய், ஸ்பேனர் பிடித்ததில் என்று நீயே பதிலும் சொல்லிக்கொண்டாய். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "கேஸ்தாம்லே மாப்ளே. ஒரு சோடா வாங்கியா, எறங்கிரும்." வாங்கி வந்தேன். குடித்தாய், பெரிய ஏப்பமாக விட்டாய், "பாத்தியா, அம்புட்டுத்தான்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். பைக்கை எடுத்து வீட்டுக்குப் போனவன், ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட உயிரோடு வந்து சேரவில்லை.

ரோட்டில் போகிற லாரிச் சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்பாயே, உன் நெஞ்சுக்கு மட்டும் என்னடா குருட்டு வைத்தியம்? ஒரு காருக்குப் பிளக், காயில், பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறவன், உனக்கு ஒரு ஈசிஜி எடுத்தால் கௌரவம் குறைந்துபோகுமா? ஆஸ்பத்திரி பஸ்ஸில் பத்து நிமிஷம். பாவி. நனைந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்ற நான் மட்டும் யார்?

முதலாளியிடம் பொய் சொன்னேன், ரம்ஜான் நோன்பு வைத்த வாயால். "குளவிக்கூடு மொதலாளி. உங்க ஷெட்டுல கட்டியிருக்கு. மாரி வேலையில ஒரு குத்தமும் இல்ல." மறுநாள் அவர் உன் வீட்டுக்கே போய், தப்பாகப் பேசிவிட்டேன் என்று கைகூப்பினாராம். பாண்டிச்செல்வி பட்டறைக்கு ஓடிவந்தாள். "அவரு பேரக் காப்பாத்திட்டீகண்ணே" என்று அழுதாள். "அன்னைக்கு நீங்க பட்டறையில இருந்திருந்தா அவரையும் காப்பாத்தியிருப்பீக."

வயர் வாங்கச் சிவகாசிக்குப் போயிருந்தேன் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மாரி. குளவி உனக்காகச் சொன்ன பொய். இது எனக்காகச் சொன்னது.

முதலாளி இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அடைத்தது குளவி இல்லை, என் மாரிதான். நாலு பெண்கள் பயந்ததால் அடைத்தான். எடுக்க மறந்தான் என்றால், அவன் அப்போது செத்துக்கொண்டிருந்தான்.

இனி என் முன்னால் எவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு கேஸ் என்றாலும், சட்டையைப் பிடித்து வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்குவேன். ஏசினாலும் அடித்தாலும் சரி. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கடிதத்தை நாளைக்கு முதலில் பாண்டிச்செல்விக்குத்தான் படித்துக்காட்டுவேன். சோடா வரும் இடத்தை விட்டுவிட்டுப் படிக்கமாட்டேன். அவள் என்ன கேட்டாலும் நின்று வாங்கிக்கொள்வேன். "விடு புள்ள, நாந்தான் கேட்டேன்" என்று சொல்ல நீ அங்கே இருக்கமாட்டாய். அந்தக் கோபம்தான்லே எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சோடா வாங்கி வந்த உன் மாப்ளே,
காதர்