வாட்சின் பின்மூடிக்குள் இருந்த தேதி

லங்காஸ்டர்
அக்டோபர் 21, 1996

அன்புள்ள நெவினுக்கு அம்மா எழுதுவது. நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், சாப்பிட்டது செரிக்கிறது, எழுபத்துநாலு வயதில் அதற்குமேல் கேட்பதற்கில்லை. நீயும் மார்லிஸும் குழந்தைகளும் ஃபேர்பேங்க்ஸில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இந்நேரம் பனி மூடியிருக்கும், இங்கே இலைதான் கொட்டிக்கொண்டிருக்கிறது, கூட்டி மாளவில்லை. முட்டைகோஸை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் அழுத்தி வைத்துவிட்டேன், புத்தாண்டுக்குப் பன்றி இறைச்சியோடு வேகவைக்கப் பதமாகப் புளித்திருக்கும். உன் ஃபெர்ன் அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான், காரை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். இப்படி ஊர்க்கதை எல்லாம் எழுதிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. உன் அப்பாவின் வாட்ச் கிடைத்துவிட்டது.

ஜூலையில் ஃபெர்னோடு ஆடம்ஸ்டவுன் பழம்பொருள் சந்தைக்குப் போயிருந்தேன். அவள் ஜாம் ஊற்றப் பழைய ஜாடிகள் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்துக் கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த வாட்சுகளைச் சும்மா பார்த்தேன். அதில் ஒன்று சதுர முகம், பொன்முலாம், சாவி கொடுக்கும் திருகு இல்லை, கண்ணாடி வெடித்திருந்தது. திருப்பிக் காட்டச் சொன்னேன். பின்மூடியில் ஈ. எச். ஸ்டாஃபர், இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு, 1962 என்று வெட்டியிருந்தது. வாட்ச் தொழிற்சாலையில் அப்பாவுக்குக் கொடுத்தது. விலை பேசாமல் வாங்கிவிட்டேன். காரில் வரும்போது நான் ஃபெர்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா, எழுதவே கூசுகிறது. "பாவம் வெர்னா, இத வித்து அவளுக்கு ஒரு மாச வாடகைகூட வந்திருக்காது" என்று சொல்லிச் சிரித்தேன். ஃபெர்னும் சிரித்தாள்.

வெர்னா கெஹ்மனை உனக்கு நினைவிருக்கும், இல்லை என்று சொல்லாதே. அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு எட்டு மாதம் தினமும் வந்து அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டியவள். கல்யாணம் ஆகாதவள், படுத்த படுக்கையாய் இருந்த தாயாரை அவள் சம்பளத்தில்தான் வைத்துக் காப்பாற்றினாள். அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம் மேல் இழுப்பறையில் வாட்ச் இல்லை என்று நான் பதறியபோது நீ அடுப்படி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "எனக்கென்னம்மா தெரியும், அந்த ரூமுக்குள்ள போயிட்டு வந்துட்டு இருந்தது அவதானே" என்றாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் அந்த வியாழக்கிழமை சபையில் பெண்கள் உட்கார்ந்து போர்வை தைக்கிற இடத்தில் போய்ச் சொன்னேன். அவளை யாரும் அதன்பிறகு வீட்டுக்குள் விடவில்லை. இரண்டு மாதத்தில் தாயாரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மாவட்டத்தில் லெபனான் ஊருக்குப் போய்விட்டாள்.

வாங்கிய வாட்சை லிட்டிட்ஸில் லாய்ட் வெங்கரிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு அடுத்த மேசையில் வேலை பார்த்தவர், வேறு சபை, நம் வீட்டுச் சங்கதி எதுவும் அவர் காதுக்குப் போனதில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகி உள்ளே பார்த்துவிட்டு, "இது சாகல மிசஸ் ஸ்டாஃபர், பட்டினி கிடந்திருக்கு, அவ்வளவுதான். எல்வுட் இருந்தா என்னத் தொடவே விட்டிருக்க மாட்டான், உன் கை நடுங்குதுடா கிழவாம்பான்" என்று சிரித்தார். ஆடுசக்கரத்தின் அச்சு முறிந்திருந்ததாம், அதற்கு இன்னொரு ஓடாத வாட்ச் தேடிப் பிடித்து அதிலிருந்து எடுத்துப் போட்டார். துரு எடுத்து, எண்ணெய் விட்டு, திருகும் கண்ணாடியும் புதிதாக வைத்தார். முகப்பை மட்டும் தொடவில்லை, மஞ்சளாகிப் போனதை மாற்றினால் அது எல்வுட்டின் வாட்சாக இருக்காது என்றார். செப்டம்பர் முதல் வாரம் போய்ப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. காதில் வைத்துக் கேட்டேன், அழுகை வந்தது.

அப்போதுதான் பின்மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். பழுது பார்க்கிறவர்கள் தங்கள் அடையாளமும் தேதியும் அதில் ஊசியால் கீறி வைப்பது வழக்கமாம். ஒன்று லாய்டே 1971இல் கீறியது. இன்னொன்று யார்க்கில் இருந்த ஒரு நகைக்கடைக்காரருடையது, நவம்பர் 1979. அப்பா போனது அக்டோபர். அந்தக் கடைக்காரர் இப்போது இல்லை, அவர் மகள் பழைய நோட்டுகளை வைத்திருக்கிறாளாம். யார் கொண்டுவந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று நான்தான் லாய்டை விரட்டினேன். வெர்னாவின் பெயர் அந்த நோட்டில் எழுதியிருக்கும், அதை நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவ்வளவு அவசரம் எனக்கு. மூன்று நாள் கழித்து லாய்ட் போன் செய்தார். சந்தோஷமாகச் சொன்னார். "உங்க பையன் பொறுப்பானவன்தான் மிசஸ் ஸ்டாஃபர். அப்பா போன அடுத்த மாசமே கொண்டுபோய்க் கழுவி எண்ணெய் போடக் கொடுத்திருக்கான். நெவின் ஸ்டாஃபர்னு கையெழுத்தே இருக்கு" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். விற்பதற்கு முன்னால் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறாய்.

எதற்காக விற்றாய் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பா போவதற்கு ஒரு வாரம் முன்னால், பேச்சு குழறிக்குழறி, "வாட்ச் நெவினுக்கு" என்றார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு உன் கையில் கட்டிவிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு இழுப்பறையைத் திறந்தேன். உன் பொருளை நீயே திருடியிருக்கிறாய் நெவின், அதற்கு ஒரு பெண்ணின் பெயரைக் கொடுத்திருக்கிறாய்.

வெர்னாவின் விலாசத்தை விசாரித்துப் போன செவ்வாய்க்கிழமை ஃபெர்ன் என்னை அழைத்துப் போனாள். துணி வெளுக்கிற கடைக்கு மேலே ஒரே அறை. கோழி வெட்டுகிற ஆலையில் பதினாலு வருஷம் நின்றிருக்கிறாள், விரல்கள் மடங்குவதில்லை. எனக்கு நாற்காலி போட்டாள், காப்பி போடவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்கம்மா சாகறதுக்கு முந்தின வாரம் என் கையப் பிடிச்சிட்டுக் கேட்டா. நெசத்தச் சொல்லு வெர்னா, எடுத்தியா இல்லியா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னா. நான் இல்லம்மான்னேன். நம்பாமலே போயிட்டா" என்றாள். வாட்சை எடுத்து மேசைமேல் வைத்து, நீயே வைத்துக்கொள் என்றேன். அதைவிட மடத்தனம் வேறில்லை. ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினாள். "இது என் வீட்ல இருந்தா அப்புறம் எடுத்தது நான்தான்னு ஆயிடும். எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. இங்க எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று ஆராதனை முடியும் நேரத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நான் பழி சொன்னதைச் சொன்னேன், எடுத்தது யார் என்பதையும் உன் பெயரைச் சொல்லியே சொன்னேன். பாதிப் பேர் புதியவர்கள், வெர்னா யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு என்னோடு போர்வை தைத்தவர்களில் நாலு பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள், அதில் ஒருத்திக்குக் காது கேட்காது. மற்ற மூவரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் எப்போதும்போல் கீழே காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள், எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஃபெர்ன் வழியெல்லாம் திட்டினாள். "பெத்த புள்ள பேர இப்படியா எர்மா நாலு பேர் முன்னால இழுப்பாங்க, அவன் என்ன கொலையா பண்ணிட்டான்" என்றாள். வெர்னா பேரை நாம் இழுத்தோமே, அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே என்றேன். வாசலில் என்னை இறக்கிவிட்டு ஃபெர்ன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். இன்று காலை போனும் வரவில்லை.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் ஆறுமா என்று தெரியவில்லை. அதைவிட என்மேல் இருக்கிற கோபம் பெரிது, நீ சொன்னது ஒரு வார்த்தை, நான் அதைச் சுமந்து கொண்டுபோய் ஊரெல்லாம் இறக்கினேன். நீ வளர்ந்த பிள்ளை, நான் மூத்தவள், இரண்டு பேரில் ஒருவராவது ஒரு நாள் பொறுத்திருக்கலாம். வாட்ச் ஓடுகிறது, நான் உனக்கு அனுப்பவில்லை, நீ கேட்கவும் வேண்டாம். உன் மகள் ஜோயன்னாவுக்கு இருபத்தொன்று ஆகும்போது அவளுக்குக் கொடுப்பேன், அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துக் கொடுப்பேன். அதற்குமுன் நீயே அவளிடம் சொல்லிவிட்டால் நல்லது.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் அந்தக் குளிரில் காப்பாற்றட்டும், தினமும் கேட்பதுபோல் இன்றும் கேட்டேன், கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மார்பில் சளி கட்ட விடாதே, கம்பளி பனியனை உள்ளே போட்டுக்கொள். வெர்னாவின் விலாசம் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. எனக்குப் பதில் எழுதுவதற்கு முன் அவளுக்கு எழுது. அவளுக்கும் எழுபது தாண்டிவிட்டது, குளிர்காலம் போகட்டும் என்று இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
எர்மா ஸ்டாஃபர்