மகளுக்காக வைத்த பொட்டு

ஆவணி 6, வெள்ளிக்கிழமை

அவருடைய கருமாதியில் அழித்த பொட்டை இன்று மறுபடி வைத்துக்கொண்டேன். மகள் கவிதா வீடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு தென் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றுகிறாள். அவளுக்கு எத்தனை வருட ஆசை. பாதியில் ஓடிவர வேண்டாமென்று, அவள் அப்பா போனதை நான்தான் மறைத்துவிட்டேன்.

நாத்தனார் பார்த்துவிட்டாள். "என்ன அண்ணி இது? பிள்ளைய ஏமாத்தவா பொட்டு?" என்றாள்.

மாலை போட்ட படம் தெரியாதபடி சன்னலோரம் உட்கார்ந்தேன்.

"அம்மா, இதான் இகுவாசு அருவி! நம்ம அதிரப்பள்ளி எல்லாம் இதுக்கு முன்னாடி குழாய்த்தண்ணி!" என்று சிரித்தாள். "அப்பா எங்க? நம்ம மட்டாஞ்சேரில இருக்கிற சாயா எல்லாம் குடிச்சு முடிச்சாச்சா?"

"உறங்குறாருடி."

"சாயங்காலத்துலயா? போனை அவர் காதுகிட்ட வை. இந்தச் சத்தத்துல எந்திரிச்சிருவாரு."

வேறு என்ன செய்ய? போனைக் கவிழ்த்துப் படத்தின் அருகில் வைத்தேன். அருவி வீடு முழுக்க இரைந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"எந்திரிச்சாரா?"

"இல்லடி."

"பாவம், உறங்கட்டும்மா. நான் வந்து எழுப்பிக்கிறேன்" என்றாள்.