அந்த இரண்டாம் மாடி வீட்டை வாங்கலாமா

அன்பு மகனுக்கு,

அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை, கண்ணுக்குச் சொட்டு மருந்து நடக்கிறது. நீயும் மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். குட்டிக்குச் சளி விட்டதா? விடும்வரை பள்ளிக்கு அனுப்பாதே.

வாடகைக்கு விட வாங்கலாமா என்று நீ கேட்ட வீட்டைத் தரகரோடு போய்ப் பார்த்தேன். ஓர் அறை, ஒரு கூடம், ஒருவர் நுழைந்தால் மற்றவர் வெளியே வரவேண்டிய சமையலறை. தண்ணீர் நன்றாக வருகிறது, குளியலறைத் தரையில்தான் தண்ணீர் வடிய வாட்டம் சரியில்லை. குடியிருப்பவள் கேக் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறாள், பள்ளியில் படிக்கும் மகளோடு தனியாக இருக்கிறாள். உட்காருங்கம்மா என்று நாற்காலியிலிருந்த மாவுப்பையை நகர்த்திவிட்டு எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள், கேட்டு இன்னொன்றும் சாப்பிட்டேன். சாப்பிட்ட வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் தரகரிடம், சுவரெல்லாம் ஒரே பிசுக்கு, இவளைக் காலி பண்ணினால்தான் இது வீடாக இருக்கும் என்றேன். குறை கண்ணில் பட்டால் என் வாய் சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். அந்த மனிதர் அதை ஒன்றுக்கு இரண்டாகப் போய்ச் சொல்ல, வீட்டுக்காரர் அவளை இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்.

நேற்று அவள் என்னைத் தேடி வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். வாசலிலேயே நின்று, சுவரைத் தேய்ச்சுட்டேம்மா, ஒரு தடவை வந்து பாத்துடுங்க, பாப்பா பரீட்சை முடியற வரைக்குமாவது இருந்துக்கறோம், நீங்க சொன்னா கேப்பாங்க என்றாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. உள்ளே வா என்றுகூட நான் அவளைக் கூப்பிடவில்லை. மரியாதை மரியாதை என்று உன்னை அதட்டி வளர்த்தவள் நான்.

உடனே வீட்டுக்காரரிடம் போய், அவள் இருந்தால்தான் என் மகன் வாங்குவான் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, அப்ப விலையில பேரம் பேசமாட்டீங்களே என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறைத்து வாங்கியிருக்கக்கூடிய வீடு, அதையும் நானே கெடுத்தேன்.

வரியும் பராமரிப்பும் போக, வாடகை வங்கி வட்டியைத் தாண்டாது. காலியாகக் கிடக்காது என்பது ஒன்றுதான் ஆதாயம். வாங்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அப்படி எழுதச் சொல்வது என் புத்தியா என் உறுத்தலா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அம்மா பேச்சை நம்பாதே. உன் இன்ஜினியர் சிநேகிதனை அனுப்பிப் பார்க்கச் சொல், நீயும் மருமகளும் உட்கார்ந்து யோசியுங்கள். என் முகத்துக்காக உன் சேமிப்பைப் போடவேண்டாம்.

மூவரும் நீடூழி நன்றாயிருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. வேண்டாம் என்று முடிவானால் தரகருக்குச் சொல்லுமுன் எனக்குச் சொல். அவளிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா