சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஆறு வருட டிவிடெண்ட்

மார்ச் 3
மனைவிக்கு வந்த தபாலைப் பிரித்துவிட்டேன். வேண்டுமென்று அல்ல, என் பென்ஷன் தபால் என்று நினைத்தேன். வருமான வரி அலுவலகம். அவளுடைய பங்குகளுக்கு ஆறு ஆண்டுகளில் வந்த டிவிடெண்ட் எவ்வளவு, அது செலவான விதம் என்ன, பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டுமாம். தவறினால் அபராதம்.

பாஸ்புத்தகம் அவள் பீரோவில். நாற்பத்தொரு வருடத்தில் நான் தொட்டதில்லை. அவள் அப்பா அந்த நானூறு பங்குகளைக் கொடுத்தபோது ‘சூதாட்டம்’ என்றவன் நான். எந்த முகத்தோடு கேட்பது? அதுவும் பிரித்த உறையோடு?

மார்ச் 4
பசை போட்டு ஒட்டினேன். பிரித்தது முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

மார்ச் 6
கீழ்வீட்டு வங்கி மேனேஜரிடம், ஒரு நண்பருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.
“அவரை வீட்டுக்காரம்மாகிட்ட நேரா கேக்கச் சொல்லுங்க சார். ரெண்டு நிமிஷ வேலை.”
“வேற வழி?”
“பயமா சார்?”
“நண்பருக்கு,” என்றேன்.

மார்ச் 7
கேட்காமலே கணக்கிடலாம். முப்பத்துநான்கு வருடம் விலைவாசிக் குறியீட்டெண் பிரிவில் இருந்தவன். வெங்காயம் என்ன விலை என்று கடைக்குப் போகாமலே சொன்னவன். பங்குக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது கம்பெனியின் ஆண்டறிக்கைகளில் இருக்கும். அவற்றை அவள் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருக்கிறாள். வழவழப்பான தாள், துடைக்க வசதி என்பாள்.

மார்ச் 9
அவள் குளிக்கப் போனதும் டப்பாக்களைத் தூக்கினேன். உப்புக்கு அடியில் முதல் ஆண்டு: பங்குக்கு 60 ரூபாய். சர்க்கரைக்கு அடியில் இரண்டாம் ஆண்டு: 75. தேயிலைக்கு அடியில் கம்பெனித் தலைவரின் முகம் மட்டும், அதுவும் பாதி.
“அங்க என்ன பண்றீங்க?”
“சர்க்கரை... எவ்வளவு இருக்குன்னு...”
“டாக்டர் வேணாம்னு சொன்னாரில்ல?”
மதியம் காபி சர்க்கரை இல்லாமல் வந்தது.

மார்ச் 12
நான்காம் ஆண்டு 90, ஆறாம் ஆண்டு 120. மூன்றும் ஐந்தும் அகப்படவில்லை. முன்பின் ஆண்டுகளின் சராசரியைப் போட்டேன்: 82.50, 105. கூட்டினால் பங்குக்கு 532.50, நானூறுக்கு 2,13,000. மூன்று முறை கூட்டினேன். மாதத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம். எங்கே போனது? அவள் நகை வாங்கவில்லை. ஊர் சுற்றவில்லை.

மார்ச் 13
என் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஓய்வு பெற்ற மாதம் மளிகை, பால், காய்கறிக்கு அவளிடம் கொடுத்தது எட்டாயிரம். போன மாதமும் எட்டாயிரம். நடுவில் பதினொரு வருடம் — எட்டாயிரம், எட்டாயிரம். ஒரு மாதம்கூடத் துண்டு விழவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ‘சரி’ என்று எழுதிச் சிவப்புக் கோடு வேறு. உலகத்திலேயே விலை ஏறாத வீடு என் வீடு ஒன்றுதானா? அடப்பாவி, குறியீட்டெண் போட்டவனுக்கு இதுகூடவா தோணல?

மார்ச் 14
உறையை அவள் முன் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.
“ஒட்டினதும் நீங்கதானா? எலி கடிச்ச மாதிரி இருக்கு.”
பாஸ்புத்தகத்தை எடுத்து வந்தாள். 2,14,000. என் பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு. அதை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.
“காசு பத்தலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”
“மாசாமாசம் ‘சரி’ன்னு கோடு போடறப்ப உங்க முகத்தைப் பாக்கணுமே! அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

மார்ச் 16
பதில் எழுதினேன். செலவான விதம்: ‘குடும்பச் செலவு’. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.
“இதை அடிச்சிட்டு ‘கணவர் பராமரிப்பு’ன்னு எழுதுங்க.”
“வரி ஆபீஸ்ல சிரிப்பாங்க.”
“சிரிக்கட்டுமே. பொய்யா எழுதச் சொன்னேன்?”
புதுத் தாளில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். கையொப்பம் போட்டாள்.

ஏப்ரல் 1
மளிகைக்குப் பதினோராயிரம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள்.
“ஏங்க, விலைவாசி ஏறிடுச்சா?”
“இன்னைக்குக் காலையிலதான்,” என்றேன்.