கிரேன்காரர் மகள்

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கு,

வணக்கம். இந்த வாரம் ‘ழ’ படித்தோம். வகுப்பே நாக்கை மடித்துக்கொண்டு திரிகிறது. வீட்டிலும் ‘பலம்’ என்று கேட்டால் சிரிக்காதீர்கள், அது பழம்தான். ஒருவருக்கு முன்பல் விழுந்தது. விழுந்த பல்லைத் தொலைத்துவிட்டு எல்லோரையும் தேடவிட்டார். கடைசியில் அவர் பாக்கெட்டிலேயே இருந்தது.

எதிரே கட்டடம் எழும்புகிறதல்லவா, அங்கே ஒரு கிரேன் வந்திருக்கிறது. அது அசைந்தால் என் வகுப்பும் அசைகிறது. நான் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. அந்தக் கிரேனை ஓட்டுவது தன் அப்பா என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டாள். மற்றவர்கள் இடைவேளை முழுக்க ஜன்னலில் நின்று கை ஆட்டினார்கள். மேலேயிருந்து பதில் வரவில்லை. ‘புளுகு மூட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர்களைக் கண்டித்தேன். கற்பனை நல்லதுதான், ஆனாலும் எது கதை, எது நிஜம் என்று வீட்டில் நயமாகச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
வகுப்பு டீச்சர்

*

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாரக் கடிதத்தை நான் ஒன்றுவிடாமல் படிப்பவன். என் அக்கா அதை என் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுவாள். சாப்பிட்டுக்கொண்டே படிப்பேன். போன தடவை பென்சில் சண்டையைப் படித்துச் சிரித்ததில் புரை ஏறிவிட்டது.

இந்தத் தடவை சோறு இறங்கவில்லை. நீங்கள் எழுதிய பிள்ளை என் மகள். கிரேனை ஓட்டுவது நான்தான்.

உங்கள் மேல் தப்பில்லை. அவளைக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் அவள் அத்தை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘கம்பெனி வேலை’ என்றுதான் அக்கா சொல்வாள். உயரத்தில் வேலை என்று சொல்லவே அவளுக்குப் பயம். என் மனைவி வெளிநாட்டில் நர்ஸ். அடுத்த வருடம்தான் வருவாள்.

கொக்கியில் சுமை தொங்கும்போது கையை லீவரிலிருந்து எடுக்கக் கூடாது, டீச்சர். கண்ணையும் எடுக்கக் கூடாது. கீழே ஆட்கள் நிற்கிறார்கள். தவிர, மேலேயிருந்து பார்த்தால் உங்கள் ஜன்னல் வெயிலில் மின்னும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. பிள்ளைகள் அங்கே கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதே உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது.

நேற்று என்ன கேட்டாள் தெரியுமா? “அப்பா, நான் பொய்தான் சொன்னேன்னு சொல்லிடட்டா? அப்போ விட்டுடுவாங்க.”

என்ன சொல்லட்டும்? நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சில்வண்டின் அப்பா
(அந்தப் பெயர் நீங்கள் வைத்ததுதானாமே? ஓயாமல் பேசுவாள் என்று. இப்போது வீட்டில் சத்தமே இல்லை.)

*

ஆகஸ்ட் 12, திங்கள்

அன்புள்ள சில்வண்டின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பு தொடங்கும் முன் படித்தேன். அதன் பிறகு பாடம் நடத்த மனம் வரவில்லை. அவளை முன்னால் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “நீ சொன்னது நிஜம். நான்தான் விசாரிக்காம எழுதிட்டேன். மன்னிச்சுக்கோ” என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு வக்கீல் இருக்கிறார். எதற்கும் சாட்சி கேட்பார். “டீச்சர், நீங்க பார்த்தீங்களா?” என்றார். நான் பார்க்கவில்லையே.

ஒரு அரைமணி நேரம் வகுப்புக்கு வர முடியுமா?

அன்புடன்,
டீச்சர்

*

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

பகலில் நான் இறங்கினால் கீழே எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் மட்டும் கிரேனை நிறுத்திவிடுவோம். அப்படி ஒரு நாள் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பேன். கோபிக்காதீர்கள்.

சில்வண்டின் அப்பா

*

ஆகஸ்ட் 23, வெள்ளி

அப்பா அம்மாக்களுக்கு,

இந்த வாரம் கணக்கில் கழித்தல். ஆனால் உங்கள் பிள்ளைகள் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். காரணம், புதன்கிழமைக் காற்று.

மதியம் ஜன்னல்கள் படபடவென்று அடித்தன. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒருவர், கையில் ஹெல்மெட், சட்டையெல்லாம் சிமென்ட் தூசி. சில்வண்டு எழுந்து நின்றாள், ஓடவில்லை. “இதான் எங்கப்பா” என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளைகளின் நாற்காலியில் உட்காரவைத்தோம். முழங்கால் காதைத் தொட்டது. முதல் கேள்வி, நான் பயந்த கேள்வியேதான்: “மேல இருக்கறப்போ ஒண்ணுக்கு வந்தா?” அவர் நெளிவதற்குள் மகள் முந்திக்கொண்டாள்: “பாட்டில் வெச்சிருப்பார்!” வகுப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவர் முகத்தில் வெட்கம் அடங்க இன்னும் நேரமானது.

வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. “ஹெல்மெட் யார் வேணா போடலாம்” என்றார்.

“சரிதான்” என்றார் அப்பா. “உன் பையைக் கொண்டா.” தன் கையை நீட்டி, விரலைக் கொக்கியாக வளைத்து, அதில் பையை மாட்டிக்கொண்டார். “நான் கிரேன். மேலேயிருந்து எனக்கு ஒண்ணும் தெரியாது. கீழே நின்னு சைகை காட்ட ஆள் வேணும். என் பொண்ணுக்கு எல்லாம் தெரியும்.”

அவள் முன்னால் வந்தாள். “எல்லாரும் தள்ளுங்க! சுமைக்குக் கீழே யாரும் நிக்கக் கூடாது!” என்றாள். நான் உட்படத் தள்ளி நின்றோம். அவள் விரலைச் சுழற்றினால் பை ஏறியது, உள்ளங்கையைக் காட்டினால் நின்றது. வகுப்பைச் சுற்றி வந்து, வக்கீலின் மேஜை மேல் பூப்போல இறங்கியது.

“ஒத்துக்கறேன்” என்றார் வக்கீல். அதோடு, “எனக்கும் சொல்லித் தர்றியா?” என்றும் கேட்டார்.

அன்புடன்,
வகுப்பு டீச்சர்

*

செப்டம்பர் 15, ஞாயிறு

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். சில்வண்டு இப்போது வீட்டில் யாரையும் பேசவிடுவதில்லை. அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். சந்தோஷமாக இருக்கிறது.

கட்டடம் மேல்தளம் வரை வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் கிரேனைப் பிரித்துவிடுவார்கள். அடுத்த வேலை வேறு ஊரில். குடியிருக்க வீடும், பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் இருக்கிறது. ஆனால் அக்கா, “அவ அம்மா வர்ற வரைக்கும் புள்ளை இங்கேயே இருக்கட்டும். இப்போதானே நிம்மதியா ஸ்கூல் போறா?” என்கிறாள். அதுவும் நியாயம்தான். மனைவியும் போனில், “அவளையே கேளுங்க” என்றாள்.

கேட்டேன். “டீச்சர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்கிறாள். நீங்கள் ‘இரு’ என்றால் இருந்துவிடுவாள். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

சில்வண்டின் அப்பா

*

செப்டம்பர் 17, செவ்வாய்

அன்புள்ள சில்வண்டின் அப்பாவுக்கு,

கேட்டாள். இன்று மதியம், எல்லோரும் விளையாடப் போன பிறகு, என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், அந்த ஊர்லயும் ஒண்ணாங்கிளாஸ் இருக்கா?”

“இருக்கு.”

“அங்கயும் இதே ‘அ’வா?”

“இதே ‘அ’தான்.”

கொஞ்சம் யோசித்தாள். ‘இரு’ என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. பொய் சொல்வானேன், அவள் இல்லாமல் என் வகுப்பு எப்படி இருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அதற்குள் அவளே சொன்னாள்:

“அப்போ நான் போறேன் டீச்சர். அத்தைக்கு மாமா இருக்கார். அப்பாவுக்கு யாரு இருக்கா?”

சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

மாற்றுச் சான்றிதழுக்கு அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். திட்டு விழுந்தால் எனக்கே விழட்டும். நீங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போய் வாருங்கள்.

என்றும் அன்புடன்,
அவள் டீச்சர்