அறுந்த ரப்பர் பேண்ட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி நீ கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். நீ அந்த வெளிநாட்டுக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு என்ன சமைத்தாய், துணி காய்ந்ததா என்று ஆரம்பித்துவிடுவாள். அதுவும் போக, இந்த விஷயத்தை உன் குரலைக் கேட்டுக்கொண்டே என்னால் சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். பத்தொன்பதாம் தேதி பரீட்சைக்கு முன்னால் இரண்டு முறையாவது படி.

நர்சிங்கில் சேர்வதற்கான வேதியியல் தாள் இரண்டே மதிப்பெண்ணில் போய்விட்டது, இன்னும் ஒரே ஒரு முறைதான் எழுத விடுவார்கள், அதுவும் போனால் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான் என்று எழுதியிருந்தாய். கூடவே அந்த விடைத்தாளையும் அனுப்பியிருந்தாய். எரிபொருள் எரியும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேள்வி. மூலக்கூறின் பிணைப்புகள் உடையும்போது அவற்றுக்குள் அடைந்து கிடந்த ஆற்றல் வெளியே வருகிறது என்று நீ எழுதியிருக்கிறாய். அதன் மேல் சிவப்பில் ஒரே இழுப்பு, பூஜ்யம். கீழே நீ உன் கையால், நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானேப்பா எழுதினேன் என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அங்கேயும் ஒரு பெரியப்பா உட்கார்ந்து பேப்பர் திருத்துகிறான் போலிருக்கிறது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

மாடியில் இருக்கும் உன் பெரியப்பாவோடு நான் ஏன் பேசுவதில்லை என்று நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் பெரியவர்கள் விஷயம் என்று வாயை அடைத்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், நீ பிறப்பதற்கு முன், கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. நேர்முகத்தில் கேள்வி கேட்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அங்கேயே வேதியியல் நடத்திய என் சொந்த அண்ணன். அவர் கேட்டதும் இதே கேள்விதான். நான் சொன்னதும் நீ எழுதிய இதே பதில்தான். அவர் மற்ற இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். தப்பு, அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். அன்று சாயங்காலமே வீட்டின் உள்படிக்கட்டுக் கதவுக்குத் தாழ் போட்டேன். அவர் தெருப்பக்கம் இரும்புப் படி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் வந்து சேர்ந்த இடம்தான் உனக்குத் தெரியுமே, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஜன்னல் இல்லாத ஒரு கூண்டு, எதிரே பாய்லரின் அழுத்தமானி, கால் மணிக்கு ஒருமுறை முள் எங்கே நிற்கிறது என்று பதிவேட்டில் எழுதுவது. பட்டம் வாங்கியவன் முள்ளைப் பார்க்கிறான். வீட்டுக்கு வந்தால் தலைக்கு மேல் அவருடைய செருப்புச் சத்தம். அவர் படி இறங்கும் நேரத்தில் நான் வாசலுக்குப் போகாமல், நான் கிளம்பும் நேரம் பார்த்து அவர் வராமல், இரண்டு பேரும் இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறோம். என் பதில் சரி, பொறாமையில் கெடுத்துவிட்டார் என்று நான் நினைக்காத நாள் கிடையாது. அந்தச் சரியான பதிலைத்தான் நீ ஒன்பதாவது படிக்கும்போது உனக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ரப்பர் பேண்டை இழுத்து அறுத்து, விரலில் சுள்ளென்று பட்டதா, அறுந்தால் சக்தி வெளியே வரும், இதுதான் வேதியியல் என்றேன். நீ விரலை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாய்.

உன் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தாய். நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யாராவது விழுந்து அடிபட்டால் வைக்க ஒரு பை இருக்கிறது, அதைக் குத்தினால் உள்ளே இருக்கும் உப்பு தண்ணீரில் கரைந்து, ஐஸ் பெட்டி இல்லாமலே சில்லென்று ஆகிவிடுகிறது, பிணைப்பு விட்டால் சூடுதானே வரணும், இது எப்படிப்பா குளிரும் என்று. மூன்று நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பாய்லர்காரரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். எட்டாவதோடு நின்றவர், என்னை சார் என்று கூப்பிட்டே கிண்டல் செய்கிறவர். கேஸ்தான் தானாக எரியும் பொருளாயிற்றே, பிறகு ஏன் தினமும் பொறி வைக்கிறீர்கள் என்றேன். முதல்ல நாம கொஞ்சம் சூடு குடுத்தாத்தான் சார் அது பிடிக்கும், அப்புறம் அது தர்றதுலயே தானா ஓடும், இத்தனை வருஷமா எதிர்லயே உக்காந்திருக்கீங்க, முள்ளை மட்டும்தான் பாத்தீங்களா என்றார். பிணைப்பை உடைப்பதற்கே சூடு கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், உடைவதிலிருந்து எப்படி வரும்? அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. என் பழைய புத்தகத்தையெல்லாம் அந்த நேர்முகம் நடந்த வருஷமே எடைக்குப் போட்டுவிட்டேன். கேட்பதற்கு இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனதும், வெங்காயக் கூடையையும் துடைப்பத்தையும் நகர்த்திவிட்டு அந்த உள்கதவின் முன் நின்றேன். தாழ்ப்பாள் துருவேறி ஒரே கட்டியாகிவிட்டது. சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. அந்தப் பக்கம் தடி ஊன்றும் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. யாரது, திருடனா இருந்தா வாசல் பக்கமா வா, இங்க எடுக்க ஒண்ணும் இல்ல என்றார். நான்தான் என்றேன். என்ன வேணும் என்றார். பொண்ணுக்குப் பரீட்சை, பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா போகுமா என்றேன். சிரித்தார். அதே சிரிப்பு. சுத்தியலைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தது, உன் விடைத்தாள் சட்டைப் பையில் இருந்ததால் நின்றேன்.

ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டற காந்தம் ரெண்டு எடுத்துட்டு வா என்றார். ஐம்பத்துமூன்று வயதில் போய் எடுத்து வந்தேன். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், அவர் அந்தப் பக்கமிருந்து சொல்லச் சொல்லச் செய்கிறேன். ஒட்டியிருக்கிறதைப் பிரி, பிரிக்கக் கஷ்டமா இருக்கா, அந்தக் கஷ்டம் யார் பட்டது, காந்தமா நீயா? இப்ப கிட்ட கொண்டு போ, தானா இழுத்து டக்குனு ஒட்டுச்சா, அந்தச் சத்தம் யார் போட்டது? நான் ரப்பர் பேண்டைச் சொன்னேன். அட அசடே, அறுந்தப்போ பட்ட சுள்ளு நீ இழுக்கும்போது உள்ள வச்சதுடா, நீ குடுத்ததைத்தான் திருப்பி வாங்கியிருக்கே என்றார்.

ஆகவே மகளே, நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. இதை எழுது: பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். எரியும்போது எரிபொருளிலும் ஆக்சிஜனிலும் உள்ள பழைய பிணைப்புகளை உடைக்கக் கொஞ்சம் செலவாகிறது, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் உண்டாகும்போது அதைவிட அதிகமாக வருகிறது, மிச்சம்தான் வெப்பம். உன் குளிர்ப் பையில் நிலைமை தலைகீழ். உப்பைப் பிரிக்கச் செலவாவது அதிகம், பிரிந்த துகள்களைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்போது வருவது குறைவு, பற்றாக்குறையைச் சுற்றியிருக்கும் சூட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அதனால் சில்லிடுகிறது. மற்றப் புத்தகமெல்லாம் அப்புறம் படித்துக்கொள், இதை மனப்பாடம் செய்யாமல் இரண்டு காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு படி.

அதற்குப் பிறகு அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். நானும் முதல் வருஷம் அப்படித்தான்டா எழுதினேன், திருத்தினவன் தூக்கக் கலக்கத்துல மார்க் போட்டுட்டான் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அப்புறம் என்னைப் பார்த்து எதுக்குச் சிரிச்சே என்று கேட்டேன். இந்த ஒரு கேள்வியை எத்தனை விதமாகக் கேட்பது என்று இத்தனை வருஷமாக அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்து வைத்திருக்கிறேன். சிரிச்சேனா என்றார். நடிக்கவில்லை மகளே, அவர் குரல் எனக்குத் தெரியும். நிஜமாகவே நினைவில்லை. அவருக்கு நினைவே இல்லாத ஒன்றுக்குள் நான் குடியிருந்திருக்கிறேன். வேலைக்குத் தகுதியில்லை என்று அவர் சொன்னது சரி என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். சிரித்ததை மட்டும் என்னால் விட முடியவில்லை, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

கதவைத் திற, நின்னுக்கிட்டே பேச முட்டி வலிக்குது என்றார். திறக்க வரவில்லை, துரு என்றேன். எந்தப் பக்கம்டா தாழ் இருக்கு என்று கேட்டார். என் பக்கம்தான் என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. தடிச் சத்தம் மேலே ஏறிப் போய்விட்டது. தெருவைச் சுற்றி இரும்புப் படியில் ஏறினால் இருபது தப்படிதான், நான் போகவில்லை. இரும்பு துருப் பிடிப்பதும் எரிவது மாதிரிதான், வெப்பம் வந்துகொண்டேதான் இருந்திருக்கும், இத்தனை மெதுவாக வந்ததால் கை வைத்தாலும் தெரிந்திருக்காது. பாய்லர்காரரிடம் கேட்டேன். தீச்சுடர் காட்டிச் சூடுபடுத்தினால் இளகும் சார், ஆனா கதவுப் பெயிண்ட் போயிடும் என்றார். போகட்டும், வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பரீட்சைக்கு அவசரமாகக் கிளம்பாதே, பேனா இரண்டு எடுத்துக்கொள், கேள்வியை முழுதாகப் படித்த பிறகே எழுது. நான் சொன்னது என்பதற்காக எதையும் எழுதாதே. நீ படித்துத் தேறி, வெள்ளை உடுப்புப் போட்டு, நிமிர்ந்து நடக்க வேண்டும், என் ஆசியும் உன் அம்மாவின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அம்மாவிடம் கதவு விஷயம் இன்னும் சொல்லவில்லை. போட்டோ எடுக்கும்போது படித்துவிடுவாள், படிக்கட்டும். அவள் கண்ணில் படாமல் நான் தினமும் அந்தத் தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

உனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்த,
அப்பா